செம்பொன்னா, செம்பா?

வலக்கண்ணில் புரை எடுத்த மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்து பால்கனியில் நின்றால், எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் கூழ்வடகத்தை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. ஆனால் கையிலிருந்த மருந்துச் சீட்டில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. வைத்திருப்பது தூரப் பார்வைக்கான லென்ஸ், கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும், கண் நிலைப்பட்ட பிறகுதான் அளவெடுக்க முடியும், ஆறு வாரம் பொறுங்கள் என்றார் மருத்துவர். பழைய கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். தரை எழும்பி முழங்காலுக்கு வந்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

முப்பத்தொரு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறவள் நான். காய்கறி கட்டி வந்த காகிதத்தில் ஒற்றுப் பிழை இருந்தால்கூடப் பேனாவைத் தேடுவேன். என்னிடம் போய் ஆறு வாரம் எழுத்தைப் பார்க்காதே என்றால்? சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை. அதற்கு நடுவில் பொழுது போக வேண்டுமே. தொலைக்காட்சி பார்த்தேன், ஒலிப்புத்தகம் கேட்டேன். கண்ணாடி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பாரதி சாலை நடைபாதைக்குப் போய்ப் பழைய புத்தகம் ஒன்று வாங்கினேன். இந்த மூன்றைப் பற்றியும் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. கொஞ்சம் சிடுசிடுப்பு இருக்கும், தொழில் அப்படி.

எங்கள் வீட்டில் ரிமோட் மாமியார் கையில். எண்பத்து நான்கு வயது, காது மந்தம். அவர் தொடர் பார்த்தால் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் கதை தெரிந்துவிடும். ஆகையால் சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' எனக்கு ஏற்கெனவே காது வழிப் பழக்கம். 2022இல் அது தொடங்கிய நாளிலிருந்து, நான் மெய்ப்புத் தாளின்மேல் குனிந்திருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் ஆதி குணசேகரன் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பார். அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்துவின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. தேனிப் பக்கத்துப் பேச்சு. வாக்கியத்தை எந்த இடத்தில் வெட்டினால் எதிரில் நிற்கிறவள் சுருங்கிப்போவாள் என்று அறிந்த பேச்சு. 'இந்தாம்மா' என்ற சாதாரணச் சொல்லை அவர் உச்சரித்த விதத்தை ஊரே சொல்லித் திரிந்தது. 2023 செப்டம்பரில் மாரடைப்பு வந்தபோது அவர் அந்தத் தொடருக்குத்தான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று செய்தியில் சொன்னார்கள். மாமியார் இரண்டு நாள் தொலைக்காட்சியைப் போடவில்லை.

மாரிமுத்து இறந்த பின் அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். எழுத்தாளர், பெருநாழிக்காரர், மீசையே பாதி வசனத்தைப் பேசிவிடும். முதல் பாகம் 2024 ஜூனில் முடிந்தது, டிசம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கிவிட்டது. இப்போதுதான் கண்ணால் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒருவர் ஒரு வாக்கியம் சொல்கிறார். கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு முகத்துக்கும் காமிரா போய் விசாரித்துவிட்டு வருகிறது. அடுத்த வாக்கியம் வருவதற்குள் நான் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, அதற்குரிய ஐந்து நிமிடம் கண்ணையும் மூடித் திறந்துவிடலாம். ஒன்றும் தவறிப் போவதில்லை. காதால் பார்த்ததே மேல்.

தம்பி மகள் வந்தபோது ரிமோட் கை மாறியது. அவள் 'சுழல்' இரண்டாம் பருவத்தைப் போட்டாள். 2025 பிப்ரவரியில் அமேசான் பிரைமில் வந்தது, புஷ்கர், காயத்ரி இருவரின் கைவண்ணம். முதல் பருவத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா. இதில் காளிப்பட்டினம் என்ற கற்பனை ஊரில் அஷ்டகாளித் திருவிழா. வேடம் கட்டிய கூட்டத்தைப் பார்த்ததும் குலசேகரன்பட்டினம் தசராவுக்குச் சின்ன வயதில் போனது ஞாபகம் வந்தது. காளி வேடக்காரர் ஒருவர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தொடரில் அப்படி ஆசுவாசமான இடம் ஏதும் இல்லை. லால் நடித்திருக்கும் வழக்கறிஞர் செல்லப்பா கொல்லப்படுகிறார்; கொன்றவள் நான்தான் என்று பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து சரணடைகிறார்கள். முடிச்சு நல்ல முடிச்சு. கௌரி கிஷன் நன்றாகச் செய்திருக்கிறார். கதிர் முதல் பருவத்தைப் போலவே அதிகம் பேசாமல் நம்ப வைக்கிறார். எட்டு அத்தியாயங்களில் இரண்டைக் குறைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். எதைப் பார்த்தாலும் குறைக்கத் தோன்றுவதும் தொழில் புத்திதான்.

என் குறை வேறு. இது இந்தத் தொடருக்கு மட்டும் உரியதும் அல்ல, இந்த வகைத் துப்பறியும் தொடர்கள் அத்தனைக்கும் பொது. முக்கியமான பேச்செல்லாம் கிசுகிசுப்பாகவே நடக்கிறது. என்ன சொன்னார்கள் என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடி இசை வந்து நெஞ்சில் மோதுகிறது. குறைத்தால் மறுபடி கிசுகிசு. கதவு திறப்பதற்கு முன்பே பயப்படு என்கிறது இசை. அழுகை வருவதற்கு முன்பே கைக்குட்டையை எடு என்கிறது. நான் பயப்படுவதை நானே முடிவு செய்துகொள்ள மாட்டேனா? மாமியார் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "இவர்கள் எல்லாரும் ஏன் ரகசியமே பேசுகிறார்கள்? அடுத்த அறையில் குழந்தை தூங்குகிறதா?" என்று கேட்டார். அதற்குமேல் ஒரு விமர்சனம் என்னால் எழுத முடியாது.

'அயலி'யை அவருக்கும் பிடித்தது. 2023 ஜனவரியில் ஜீ5இல் வந்தது, முத்துக்குமார் இயக்கியது. தாமதமாகத்தான் எங்கள் கைக்கு வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், 1990 வாக்கில். வயதுக்கு வந்துவிட்டால் பெண்ணின் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அயலி அம்மனின் கோபம் ஊரைச் சுட்டுவிடும் என்று ஒரு கட்டுப்பாடு. மருத்துவராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததை மறைத்துவிடுகிறாள். அபி நட்சத்திரா அந்தப் பெண். அனுமோல் அவள் அம்மா. விஷயம் அம்மாவுக்குத் தெரிந்த பிறகு இருவரும் சேர்ந்து ஊரை ஏமாற்றுகிற பகுதிகளில் மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். நடுவில் திடீரென்று, "எனக்குப் பதின்மூன்றில் நிறுத்தினார்கள்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அறுபது வயது வரை அவரோடு ஒரே சமையலறையில் நின்றிருக்கிறேன், இந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை. தொடர் சில இடங்களில் மேடையேறிப் பேசிவிடுகிறது. வில்லன்கள் கொஞ்சம் கூடுதலாகவே மீசை முறுக்குகிறார்கள். இருக்கட்டும். ஆட்கள் குரலைத் தாழ்த்தாமல் பேசுகிறார்கள், பேசுவது காதில் விழுகிறது. எங்கள் வீட்டில் அதுவே பெரிய தகுதி.

இனி ஒலிப்புத்தகம். இதில்தான் எனக்குச் சண்டை.

"அத்தை, காதில் மாட்டிக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்" என்று சொல்லித் தம்பி மகள் ஏதோ ஒரு செயலியில் சிறுகதைத் தொகுப்பு ஒன்றைத் தட்டிவிட்டுப் போனாள். பெண் குரல். இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது நிமிடம் சந்தேகம் வந்தது. இவள் மூச்சே விடவில்லையே! அது இயந்திரக் குரல் என்று பிற்பாடு தெரிந்தது. 'திரு.வி.க.' வந்த இடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வாக்கியம் முடிந்தது போல நின்று நின்று போனாள். 'ரூ. 500' என்பதை 'ரூ' என்று புறாவைப் போலச் சொல்லி நிறுத்தி, பிறகு 'ஐந்நூறு' என்றாள். நடனமாடுகிறவளின் முகபாவத்தை வர்ணிக்கும் இடத்தில், 'பாவம்' என்பதை 'அடப் பாவம்' என்னும்போது சொல்கிற அதே பாவமாகச் சொன்னாள். மேடையில் ஆடுகிறவள் என்ன பாவம் செய்தாள்?

இது அந்த இயந்திரத்தின் குற்றம் மட்டும் அல்ல. நம் எழுத்து அப்படி. க, ச, ட, த, ப எல்லாம் இடத்தைப் பொறுத்து, சொல்லைப் பொறுத்து ஒலி மாறும், எழுத்து மாறாது. தமிழ் படித்த மனிதர் யோசிக்காமலே சரியாகச் சொல்லிவிடுவார். இன்னும் பெரிய சிக்கல், சொற்கள் ஒட்டிக்கொள்வது. 'பலகையொலி' என்றால் பலகையின் ஒலியா, பல கைகளின் ஒலியா? உரையாசிரியர்கள் காட்டுகிற பழைய உதாரணம் இன்னும் நல்லது: 'செம்பொன்பதின்றொடி'. செம்பொன் பதின்தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். செம்பு ஒன்பதின்தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மூச்சை விடுகிற இடம் மாறியது, பொன் செம்பாகிவிட்டது, எடையிலும் ஒன்று குறைந்தது. இப்படி வருகிற தொடர்களை 'இசையின் திரிதல்' என்று தொல்காப்பியம் சொல்கிறது. எழுத்தைக் கண்டு அல்ல, குரலைக் கேட்டுத்தான் பொருளைப் பிரித்தறிய வேண்டும். அந்தச் சூத்திரத்தைப் படித்த நாளில் தேர்வுக்காக உருப்போட்டேன். அது ஒலிப்புத்தகத்துக்கு எழுதிய விதி என்று இந்த ஆறு வாரத்தில்தான் தெரிந்தது.

அன்று முதல் எதைக் கேட்டாலும் மனத்துக்குள் ஒரு தராசு. செம்பொன்னா, செம்பா?

அந்தத் தொகுப்பைப் பாதியில் மூடிவிட்டு, தெரிந்த புத்தகத்தில் சோதிப்போம் என்று 'பொன்னியின் செல்வ'னுக்குப் போனேன். 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தது. எங்கள் அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தார், மணியம் ஓவியங்களோடு. நான் அதில்தான் முதலில் படித்தேன். எந்த அத்தியாயத்தின் முதுகில் எந்தத் தைல விளம்பரம் என்பது வரைக்கும் ஞாபகம். அந்தப் பைண்டுகளை இரவல் கொண்டுபோன உறவினர் இன்னும் திருப்பித் தரவில்லை என்பது தனிக் கதை. ஐந்து பாகங்களும் மனத்தில் இருப்பதால் கதைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குரலை மட்டும் கவனிக்கலாம்.

இரண்டு வடிவங்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். பம்பாய் கண்ணன் தயாரித்தது ஒன்று. அதில் பாத்திரத்துக்கு ஒரு குரல், பின்னணி இசையும் உண்டு. இரவு சாப்பாட்டுக்குப் பின் வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். எனக்கும் பிடித்தது. பழுவேட்டரையர் வாயைத் திறந்ததும் முதுகு நிமிர்ந்தது. கூட்டமாகப் பேசுகிற இடங்களில், சதியாலோசனையில், யார் பேசுகிறார் என்ற குழப்பமே இல்லை. ஆனால் இரவில் தனியாகப் படுத்துக் கேட்கும்போது, ஓர் அறைக்குள் இத்தனை பேர் வந்து நிற்பது எனக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஓவியமே போடாத புத்தகத்தில் வந்தியத்தேவனுக்கு நானே ஒரு முகம் கொடுத்து வைத்திருப்பேன் இல்லையா? குரல் விஷயத்திலும் அப்படித்தான். நாற்பத்தைந்து ஆண்டுகளாக என் குந்தவைக்கு நான் கொடுத்து வைத்த குரல் ஒன்று இருக்கிறது. அது எந்தக் குரல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேறொரு குரல் வந்து உட்கார்ந்ததும், இது இல்லை என்று மட்டும் தெரிகிறது.

மற்றது 'கதை ஓசை' தீபிகா அருண் வாசித்தது. ஒரே குரல். நாடகம் குறைவு, வாசிப்பு அதிகம். இதில்தான் நான் தங்கிவிட்டேன். கல்கியின் வாக்கியம் நீளமானது. எழுவாய் ஏரியின் இந்தக் கரையில் நிற்கும், பயனிலை மறு கரையில் காத்திருக்கும், நடுவில் நுரையும் குமிழியுமாக எச்சங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல் குதிரையில் வருகிற முதல் அத்தியாயமே அதற்குச் சோதனை. எங்கே மூச்சு வாங்குவது என்று தெரியாதவர் பாதி ஏரியில் மூழ்கிவிடுவார். இவர் மூழ்கவில்லை. காற்புள்ளி இல்லாத இடத்தில் காற்புள்ளியைக் குரலால் வைக்கிறார். தேவையில்லாத காற்புள்ளியை அச்சில் யாரோ போட்டிருந்தால், அதைக் கடந்து போகவும் செய்கிறார் என்று எனக்கு ஓரிரு இடங்களில் தோன்றியது. அதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து சபாஷ் என்றேன். கணவர் பயந்துபோய், கண்ணில் வலியா என்று கேட்டார்.

ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக விழுகின்றன. இதைப் பாராட்டாக எழுத வேண்டியிருக்கிறதே என்பது வருத்தம்தான். செய்தி வாசிக்கிறவர்களையே இன்று நம்ப முடிவதில்லை. போன வாரம் ஒருவர் 'மலை' விட்டு விட்டுப் பெய்யும் என்றார்.

ஒரு குறை. இதை அவர்மேல் சுமத்த முடியாது, ஒலிப்புத்தகம் என்ற சாதனத்தின் குறை. முன்னால் புரட்டிப் பார்க்க முடியவில்லை. ஆழ்வார்க்கடியான் எதையோ முன்பு சொன்னானே, என்ன சொன்னான் என்று தோன்றினால், புத்தகத்தில் கட்டைவிரல் அந்தப் பக்கத்தைத் தானே தேடிப் போகும். இடதுபக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி என்று கண்ணுக்குத் தெரியும். ஒலியில் இடதுபக்கம் ஏது? பதினைந்து விநாடி பின்னால் போ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பதினைந்து விநாடிக்கு முன்பு அவன் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது ஐயா, நான் கேட்பது போன அத்தியாயத்தில் சொன்னதை. அதோடு, பாதியில் தூங்கிப்போனால் குரல் நமக்காகக் காத்திருப்பதில்லை. நான் கோடிக்கரையில் கண்ணயர்ந்து இலங்கையில் விழித்திருக்கிறேன். கடலை எப்போது கடந்தேன் என்று தெரியாது. தூக்கத்துக்கு நேரம் குறித்து வைக்கலாம் என்று தம்பி மகள் சொன்னாள். எப்போது தூங்குவேன் என்று தெரிந்தால் குறித்து வைக்க மாட்டேனா?

அவள் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்கிறாள். அந்த வேகத்தில் பூங்குழலி பாடினால் எப்படி இருக்கும் என்று போட்டுக் காட்டினாள். படகு அல்ல, விசைப்படகு.

கண்ணாடி வந்தது ஒரு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை பாரதி சாலையில் இருந்தேன். அதை இன்னும் பைகிராப்ட்ஸ் சாலை என்று சொல்கிறவர்கள் திருவல்லிக்கேணியில் மிச்சம் இருக்கிறார்கள், நானும் ஒருத்தி. ஞாயிறன்று கடைகள் அடைத்திருப்பதால் அவற்றின் வாசல்களில் பழைய புத்தகக்காரர்கள் கடை விரிப்பார்கள். பொறியியல் பாடநூல்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும்தான் முக்கால் பங்கு. மிச்சக் கால் பங்குக்காகத்தான் என்னைப் போன்றவர்கள் இடுப்பு வலியோடு குனிகிறோம். அப்பாவோடு மூர் மார்க்கெட்டுக்குப் போன பழக்கம் இது. அது 1985 மே 30ஆம் தேதி எரிந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. அப்பா மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

குனியக் கூடாது என்று மருத்துவர் விதித்த கெடு முடிந்திருந்தது. முடியாவிட்டாலும் குனிந்திருப்பேன். கணக்குப் பதிவியல் வழிகாட்டிகளின் கீழே, அட்டை இல்லாமல், நூலால் கட்டிய ஒரு கட்டு தெரிந்தது. எழுத்துருவைப் பார்த்ததுமே கை போய்விட்டது. மர்ரே பதிப்பு. கம்பராமாயணம், அயோத்தியா காண்டம்.

மர்ரே பதிப்பைத் தெரியாதவர்களுக்கு: சென்னையில் மர்ரே அண்ட் கம்பெனி என்று ஏலக் கம்பெனி நடத்திய எஸ். ராஜம், 1950களில் வையாபுரிப் பிள்ளை போன்ற அறிஞர்களின் துணையோடு பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, அதாவது ஒட்டிக் கிடக்கும் சொற்களைத் தனித்தனியாக்கி, மலிவு விலையில் அச்சிட்டார். பண்டிதர் பக்கத்தில் இல்லாமல் சாதாரண வாசகர் சங்கப் பாட்டையும் கம்பனையும் கையில் எடுத்துப் படிக்க முடிந்தது அந்த வரிசையால்தான். மேசை நாற்காலியை ஏலம் விட்ட காசு குறுந்தொகைக்குப் போயிற்று. மெய்ப்புத் திருத்துகிறவர்கள் மத்தியில் அந்தப் பதிப்புகளுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. சொல்லை எங்கே பிரிப்பது என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தால், மர்ரேயைப் பார் என்பார் என் முதல் அச்சகத்து மூத்தவர். பார்த்தால் வாக்குவாதம் முடிந்துவிடும்.

கடைக்காரர் இருநூற்றைம்பது சொன்னார். அட்டை இல்லையே என்றேன். "அம்மா, அட்டையையா படிக்கப் போகிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனாலும் கடைசி நாலைந்து தாள்களில் ஊசித் துளைகளாக இராமபாணப் பூச்சி புகுந்து புறப்பட்டிருந்ததைக் காட்டினேன். இராமாயணத்துக்குள் இராமபாணம் இருப்பது பொருத்தம்தானே என்று அவரும் விடவில்லை. நூற்றெண்பதுக்கு முடிந்தது. இரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லியை வாங்கி வைத்துக்கொண்டு, புத்தகத்தை எட்டத் தள்ளி வைத்துப் பிரித்தேன். தண்ணீர்ச் செம்புக்குப் பயந்து மறுபடி பையில் போட்டேன். மறுபடி எடுத்தேன்.

உள்ளே முழுக்கப் பென்சில் கோடுகள். குறிப்பு ஏதும் இல்லை, பெயர் இல்லை, அடிக்கோடும் இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே சாய்வாக, மயிரிழை போன்ற சிறு கோடுகள். சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் இரண்டு. பொருளுக்குப் போட்ட கோடாக இருக்குமோ என்று பார்த்தால் ஒத்துவரவில்லை. சீருக்குச் சீர் பிரித்ததாகவும் இல்லை. வீட்டுக்கு வந்து, கைகேயி சூழ்வினைப் படலத்தில் ஒரு பாட்டை வாய்விட்டுப் படித்த பிறகுதான் புரிந்தது. அவை மூச்சுக் குறிகள். யாரோ மேடையில் சொல்வதற்காகத் தயார் செய்துகொண்ட பிரதி.

அந்தப் பாட்டு எல்லாருக்கும் தெரிந்தது. காட்டுக்குப் போ என்று சொல்லிவிட்ட கைகேயிக்கு இராமன் சொல்லும் மறுமொழி: 'மன்னவன் பணி அன்று ஆகின், நும் பணி மறுப்பெனோ?' சந்தி பிரிக்காமல் எழுதினால் 'ஆகின் நும் பணி' என்பது 'ஆகினும்பணி' என்று ஒட்டிக்கொள்ளும். ஆகினும் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்: மன்னவன் பணி இல்லையென்றாலும் பணியை மறுப்பேனா? பொருள் இருக்கிறது, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஆனால் 'நும்' போய்விட்டது. அரசன் சொல்லாவிட்டால் என்ன, சொல்வது நீங்கள் அல்லவா, உங்கள் சொல்லை நான் தட்டுவேனா, என்று அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து அவன் சொல்வது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் அவன் சட்டம் பேசுகிற பிள்ளையாகிவிடுகிறான். 'ஆகின்' என்ற சொல்லுக்குப் பின், அச்சிலேயே காற்புள்ளி இருக்க, பென்சில்காரர் இரண்டு கோடு போட்டிருந்தார். அழுத்திப் போட்டதில் தாளின் மறுபக்கம் தடம் தெரிகிறது. அவரும் எப்போதாவது மேடையில் 'ஆகினும்' என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்து வெட்கப்பட்டிருப்பாரோ?

இசை வந்து என்னை இடிக்கக் கூடாது, குரல் நடிக்கக் கூடாது என்று இத்தனை பத்தி எழுதியவள், முகம் தெரியாத ஒருவர் இங்கே நில், இங்கே மூச்சு விடு என்று இழுத்த கோட்டுக்குக் கட்டுப்பட்டு ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தம்பி மகள் இதைச் சுட்டிக்காட்டினாள். பதில் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்தபாடில்லை.

தினம் மாலை, தொடர் தொடங்கும் முன், மாமியாருக்கு அரைமணி நேரம் படித்துக் காட்டுகிறேன். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதால் உரக்கப் படிக்க வேண்டியிருக்கிறது. கிசுகிசுத்துப் படிக்க வழியே இல்லை. 'நும் பணி' என்று படித்ததும், "யார் பணி?" என்றார். "உங்கள் பணி" என்றேன். "அப்படிச் சொல்" என்று கையை ஆட்டினார்.

கோடுகள் நகர் நீங்கு படலத்தோடு நின்றுவிடுகின்றன. தைலம் ஆட்டு படலம் முதல் கடைசி வரை தாள் சுத்தம். மேடை அதோடு முடிந்ததா, வேறு ஏதாவதா என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தெருக்கோடியில் இருக்கும் பைண்டரிடம் கொடுத்து அட்டை போட வேண்டும். பூச்சிக்கு என்ன செய்வது என்றும் கேட்க வேண்டும். அதற்கு முன் மிச்சத்தைப் படித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மறுபடி ஆறு வாரம். தசரதன் இறந்துவிட்டான், பரதன் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. பென்சிலைச் சீவி மேசைமேல் வைத்திருக்கிறேன்.